அவள் உன்னிடம் மட்டும் சொன்னது

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாரிலிருந்து போன் எடுத்து, "அம்மா, வினோ ஏன் என்னோட கதைக்கிறா இல்ல? அங்க என்ன நடந்த?" என்று கேட்டாய். "எனக்கென்ன மனே தெரியும், கலியாணப் பொம்பிளைக்கு ஆயிரம் யோசின இரிக்கும்" என்று சொல்லிவிட்டு, கறி அடிப்பிடிக்கிறது என்று போனை வைத்தேன். கறி எதுவும் அடிப்பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடைகளுக்குச் சோற்றுப் பார்சல் கட்டுவதில்லை, பகலில் அடுப்பே மூட்டுவதில்லை என்பது உனக்குத் தெரியாதா? ஆனாலும் "சரி அம்மா" என்றாய். பொய் சொல்லுவதில் உன் அம்மாவுக்கு முப்பது வருடப் பழக்கம் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்துத்தான் இதில் எழுதப்போகிறேன். அங்கே என்ன நடந்தது என்று எனக்கு முழுக்கத் தெரியும். நடத்தியவளே நான்தான்.

போனில் சொல்லாமல் ஏன் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன் என்று கேட்பாய். கோபிக்காதே, போனில் சொன்னால் நீ அதையும் யாருக்காவது அனுப்பிவிடுவாய். இரண்டு மாதத்துக்கு முன்னால் வினோ உனக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினாளே, அதைக் கேட்டு முடித்ததும் அப்படியே எனக்குத் தட்டிவிட்டாய். கீழே "அம்மா கேளுங்க, என்ன செய்ற?" என்று ஒரு வரி. நல்ல மகன், அம்மாவைக் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டான் என்று அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

அது வந்த நேரம் நான் மீனுக்கு மஞ்சளும் உப்பும் பிரட்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மஞ்சள். உன் பெரியம்மா எனக்கு உதவியாக வெங்காயம் உரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தா. போனைக் காதில் வைக்க முடியாது என்று முழங்கையால் அழுத்தி, சத்தமாகப் போட்டுவிட்டேன். நீ எப்போதும் அனுப்புவதுபோல் சுகம் விசாரிக்கிற வொய்ஸ் என்றுதான் நினைத்தேன். வினோவின் குரல் கேட்டது. "இத நான் உங்களுக்கு மட்டும்தான் சொல்றன்" என்று தொடங்கினாள். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மஞ்சள் கைதானே, கழுவினால் போகாதா? நிறுத்தவில்லை. பதினொரு நிமிடமும் கேட்டோம், நானும் பெரியம்மாவும்.

அவள் சொன்னதை உனக்குத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீ அதை ஒருதரம் அவசரமாகக் கேட்டுவிட்டுப் பயந்திருப்பாய், ஆகவே எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படிக்கிற காலத்திலிருந்தே சாப்பாடு தனக்கு எதிரியாகிவிட்டது என்றாள். சில நாள் ஒன்றுமே இறங்காது, சில நாள் யாருக்கும் தெரியாமல் கிடைத்ததையெல்லாம் தின்று பிறகு வெளியே எடுத்துவிடுவேன் என்றாள். ஏழு மாதமாக ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குப் போகிறேன், அங்கே ஆலோசனை சொல்கிற மிஸ், நீ நம்புகிற ஒரு ஆளுக்காவது இதைச் சொல்லிப்பார் என்று சொன்னா, என்றாள். "கலியாணத்துக்குப் பிறகு தெரிஞ்சா, ஏமாத்திட்டாள் எண்டு நினைப்பீங்க. அதான் முன்னுக்கே சொல்றன். பதில் உடன வேணாம்." குரல் ஒரு இடத்தில் மட்டும்தான் உடைந்தது. பதினொரு நிமிடத்தில் அவள் உன்னைப்பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. நிச்சயத்துப் படங்களைப் பார்த்து, "என்ன வினோ, முகம் உப்பிப்போய்க் கிடக்கு, கலியாணத்துக்குள்ள கொஞ்சம் இறக்குங்க" என்று நீ வீடியோவில் பகிடி விட்டாயே, அதைக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு உன்னோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

வொய்ஸ் முடிந்ததும் பெரியம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தா. "என்னடி இது, இப்பிடியும் ஒரு வருத்தமா?" என்றா. இங்கேதான் நான் உன்னிடம் ஒளித்தது இருக்கிறது. எனக்கு அந்த வருத்தம் தெரியும். அவள் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அடுத்த வரி என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. என் முகத்தில் எதையாவது அக்கா கண்டுபிடித்துவிடுவாவோ என்ற பயத்தில், அவவைவிட நான்தான் கடுமையாகப் பேசினேன். "இது பொம்பிளப் புள்ள செய்ற வேலையா? தின்ற சோத்த ஆராச்சும் இப்பிடிச் செய்வாங்களா? இத மறைச்செல்லோ சம்மந்தம் பேசினவங்க" என்றேன். உனக்கும் அப்போதே பதில் அனுப்பினேன்: "இப்பவே தெரிஞ்சது நல்லம் மனே, யோசிப்பம்." நீயும் யோசிக்கத் தொடங்கினாய். அவளுக்கு மூன்று நாள் பதில் போடாமல் யோசித்தாய்.

பெரியம்மாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. சம்மந்தத்தைக் கொண்டுவந்தவ அவ, ஆகவே கேட்க உரிமை இருக்கிறது என்று வொய்ஸ் வந்த அன்று பின்னேரமே வினோவின் ஊரான கிரானுக்குப் போன் போட்டு அவளுடைய தாயைக் கேட்டுவிட்டா. தாய்க்கு அதுவரை ஒன்றும் தெரியாது. கிளினிக்குக்குப் போன ஏழு மாதமும் தையல் வகுப்பு என்றுதான் அந்தப் பிள்ளை சொல்லிப் போயிருக்கிறாள். சொந்தத் தாய்க்கே சொல்லாததை உனக்குச் சொல்லியிருக்கிறாள் என்றால், அதை எத்தனை நாள் மனதுக்குள் எழுதி எழுதி அழித்திருப்பாள் என்று யோசித்துப் பார். அதை அவளுடைய தாய், வெங்காயம் உரிக்க வந்த ஒரு மனிசியின் வாயால், கூட்டியும் குறைத்தும் கேட்டிருக்கிறா. அன்றிலிருந்து தாய் பக்கத்தில் இருந்து ஊட்டுகிறாவாம். குளியலறைக் கதவின் கொண்டியைக் கழற்றிவிட்டாவாம். தாயில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. பயந்த மனிசிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இனி என்னைப்பற்றி. உனக்கு வாசிக்கச் சங்கடமாக இருக்கும், எனக்கு எழுதவும் அப்படித்தான். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு ஓடி ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே நடந்த ஒன்றை மட்டும் சொன்னதில்லை. எனக்குப் பதினாறு வயது. ஒரு வகுப்பறைக்குள் ஐந்தாறு குடும்பம். ஒரு மத்தியானம் தாங்க முடியாமல், "அம்மா, எனக்குப் பசிக்கிது" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் அம்மா என் கையைக் கிள்ளி, "குமர்ப்புள்ள ஆக்களுக்கு முன்னால பசியெண்டு வாய்விடுறதோ" என்றா. கொடுக்க ஒன்றும் இல்லாத தாய்க்கு அது எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும் என்று இன்று எனக்கு விளங்குகிறது, அன்று விளங்கவில்லை. அடுத்த நாள் சோறு வந்தபோது எனக்கு வேண்டாம் என்று என் பங்கைப் பக்கத்துக் குழந்தைக்குக் கொடுத்தேன். நல்ல பிள்ளை, பொறுமையான பிள்ளை என்று அந்த அறை முழுக்கச் சொன்னது. சோற்றைவிட அந்தச் சொல் எனக்கு ருசித்தது. அன்றைக்குப் பிறகு பசிக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடமும் கூட.

பிறகு நல்ல காலம் வந்தது, கலியாணம் வந்தது, நீ வந்தாய். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை, தின்றதை வயிற்றில் வைத்திருக்கவும் முடியவில்லை. இதை நான் எப்படி ஒளித்தேன் என்று கேட்கிறாயா? ஒளிக்கத் தேவையே இருக்கவில்லை. நம்முடைய வீடுகளில் பெண் கடைசியாகத்தானே சாப்பிடுகிறாள், குசினிக்குள், தனியாக. "நீங்க தின்னுங்க, நான் மறுகா தின்னுறன்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அந்த மறுகா எப்போது வந்தது, என்ன தின்றேன் என்று நீங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் பார்த்ததில்லை. நல்ல மனிசி எல்லாருக்கும் போட்டுவிட்டுத்தான் தின்னுவாள் என்று பெயரும் கிடைத்தது. வெள்ளி விரதம், கந்தசட்டி விரதம், அம்மன் சடங்கு வந்தால் அதற்கொரு நேர்த்தி. ஊரில் என்னை விரதக்காரி என்றார்கள். அம்மனுக்கு உண்மை தெரியும். நான் அவளுக்காகப் பட்டினி கிடந்த நாட்கள் மிகக் கொஞ்சம். நாற்பது பேருக்குச் சோறு கட்டுகிறவள் தான் என்ன தின்கிறாள் என்று யாராவது கேட்பார்களா? கடைக்காரர்கள் கறி ருசியைத்தான் கேட்டார்கள்.

உனக்கு ஒரு பத்து வயதிருக்கும்போது கிணற்றடிக்குப் பின்னால் நான் குனிந்து நின்றதைக் கண்டுவிட்டாய். "பித்தம் மனே" என்றேன். ஓடிப்போய், புளிக்கப் பிழிந்து குடிக்க ஒரு தேசிக்காயைப் பறித்துக்கொண்டு வந்தாய். அதற்குப் பிறகு அம்மாவுக்குப் பித்தம் என்பது நம் வீட்டில் ஊரறிந்த விசயமாகிவிட்டது. என்ன வருத்தமென்றே தெரியாமல் நீயும் உன் அப்பாவும் என்னை எவ்வளவு அன்பாகக் கவனித்தீர்கள். அந்த அன்புக்கு நான் தகுதியில்லை என்று ஒவ்வொரு தேசிக்காய்க்கும் நினைத்தேன். ஒளித்து வைக்கிறவளுக்கு வருகிற கேடு இதுதான். ஆட்கள் காட்டுகிற பாசம் தனக்கென்று ஒட்டாது, அவர்கள் அறிந்த வேறொருத்திக்கென்று தோன்றும். வினோ உன்னோடு அப்படி வாழ விரும்பவில்லை. அதனால்தான் வாயைத் திறந்தாள். நான் முப்பது வருடம் செய்யத் துணியாததை அந்தப் பிள்ளை இருபத்தாறு வயதில் செய்தாள், அவளுக்குக் கிடைத்த பலன் கொண்டியில்லாத கதவு.

போன மாதம் நான் கிரானுக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை, பெரியம்மாவுக்கும் சொல்லவில்லை. வளவில் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். வினோ தலைக்குத் துணி கட்டிக்கொண்டு காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். தாய் என்னைக் கண்டதும் பதறிப்போய் தேத்தண்ணி வைக்க உள்ளே போனா. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இறங்கி, நானும் காலால் கிளறத் தொடங்கினேன். முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய கதை இல்லை அது.

"உன்ர வொய்ஸ நான் கேட்டன் புள்ள" என்றேன்.

"தெரியும் மாமி. ஊரே கேட்டிட்டு."

"எனக்கும் அது இரிக்கி."

"எது மாமி?"

"உனக்கு இரிக்கிறதுதான். முப்பது வருசமா."

அவளுடைய கால் நின்றது. என்னை நம்பவில்லை என்று தெரிந்தது. பிறகு என் கையையும் கழுத்தையும் ஒருதரம் பார்த்தாள், நோயை அறிந்த ஆள் பார்க்கிற மாதிரி. "ஆருக்கெல்லாம் சொல்லியிருக்கிறீங்க?" என்று கேட்டாள். "உனக்குத்தான் முதல் சொல்றன்" என்றேன். அவள் மறுபடி காலால் நெல்லைக் கிளறத் தொடங்கினாள். "சொன்னா லேசாகும் எண்டு கிளினிக்கில மிஸ் சொன்னவ. எனக்கு லேசாகல்ல மாமி. முந்தி வயித்தோட மட்டும்தான் சண்டை. இப்ப வீட்டோடயும் சண்டை" என்றாள். கிளினிக்குக்குப் போகிறாயா என்று கேட்டேன். அம்மா தனியாக விடமாட்டா, அம்மாவோடு போனால் அங்கே என்னத்தைக் கதைக்கிறது என்றாள். போகாமல் விட்டு நாலு கிழமையாம்.

நான் செய்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். பெரியம்மா செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏனென்றால் சத்தமாகப் போட்டது என் முழங்கை. அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை. "மகன்ட்ட உங்கட வருத்தத்தச் சொல்லப்போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். "அவர் அத ஆருக்கு அனுப்புவார்?" என்றாள். பகிடிக்குக் கேட்கவில்லை. உனக்குப் பதில் வருகிறதா மகனே?

தாயிடம் நான் பேசினேன். அடுத்த வியாழக்கிழமை வினோவை நான் கூட்டிக்கொண்டு போகிறேன், வெளியில் ஆட்கள் காத்திருக்கிற வாங்கில் இருப்பேன், உள்ளே வரமாட்டேன் என்றேன். மருமகளாக வரப்போகிறவளை மாமியே கூட்டிப்போவதை மறுக்க அவவுக்குத் துணிவில்லை. போனோம். அவள் உள்ளே போனதும் எழுந்து நானும் எனக்கென்று ஒரு நம்பர் எடுத்தேன். என் முறை வந்து டொக்டர் என்ன செய்கிறது என்று கேட்டபோது, வாயில் "பித்தம்" என்றுதான் வந்தது. பத்து நிமிடம் பித்தத்தைப் பற்றியே பேசினேன். அந்த டொக்டர்ப் பிள்ளை பொறுமையாகக் கேட்டா. எழும்பப் போகும்போதுதான் உண்மையைச் சொன்னேன், கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு. திரும்பி வந்து இருக்கச் சொன்னா. இப்போது நாங்கள் இரண்டு பேரும் வியாழக்கிழமைகளில் போகிறோம். சுகம் வந்துவிட்டது என்று எழுத ஆசை. வரவில்லை. எனக்கு நல்ல கிழமையும் கெட்ட கிழமையும் இருக்கின்றன, அவளுக்கும் அப்படியே. போன வியாழன் பஸ்ஸில் அவள் எனக்குப் பக்கத்தில் இருக்காமல் பின் சீற்றில் போய் இருந்தாள்.

உன் அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். வயல் வட்டையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். "எனக்கு எதோ ஒண்டு இரிக்கெண்டு தெரியும். கேட்டா நீ ஏசுவாய், அதுதான் கேக்கல்ல" என்றார். பிறகு குசினிக்குள் வந்து தன் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு, மேசைக்குப் போகாமல் எனக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். என் சோற்றுக் கோப்பையை எட்டிப் பார்க்கவில்லை. அறுவடை மெசின் பழுதானதைப் பற்றியே கடைசிவரை பேசினார். முப்பது வருடத்தில் நான் அவரோடு ஒரே நேரத்தில் சாப்பிட்ட முதல் சோறு அது. முழுக்கத் தின்றேன் என்று சொல்லமாட்டேன்.

இதை உனக்கு ஏன் விரிவாக எழுதுகிறேன் என்றால், நம் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்தால் நீதான் அவள் வீட்டுக்குப் போகப்போகிறாய். அங்கே மருமகன் என்று முதல் சோற்றுக் கோப்பை உனக்கு வரும், வினோ "மறுகா" என்பாள். நீ தனியாக முதலில் தின்னாதே. அதற்காகக் காவல்காரன் மாதிரி அவள் கோப்பையை எண்ணிக்கொண்டும் இராதே. தின்றால் கெட்டிக்காரி என்றும் தின்னாவிட்டால் பாவம் என்றும் சொல்லாதே. இங்கே ஆட்கள் ஒருத்தியைக் கண்டால் முதல் கேட்பது மெலிஞ்சு போனாய், கொழுத்துப் போனாய் என்பதுதான், அந்தக் கதை உன் வாயில் வரவேண்டாம். அவள் எதையாவது சொன்னால், அது உன்னிடம் கொடுத்த பொருள். எனக்குக்கூட அதைக் காட்டத் தேவையில்லை. முக்கியமாக எனக்கு. சொல்லுவதென்பது வாயைத் திறக்கிறவர் செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன், பாதி கேட்கிறவர் கையில் இருக்கிறது என்று இந்த வயதில்தான் படித்தேன். அவள் உனக்குச் சொன்னபோது உன் கை ஓட்டை. என் கை அதைவிடப் பெரிய ஓட்டை.

வைகாசிக் கலியாணம் நடக்குமா என்று நீ என்னைக் கேட்காதே. அவளைக் கேட்டேன், "தெரியாது மாமி" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவள் வேண்டாம் என்றாலும் வியாழக்கிழமைகளில் நான் போவேன் என்று சொல்லியிருக்கிறேன். அது உன் கலியாணத்துக்காகச் செய்கிற காரியம் இல்லை என்பதை அவளும் அறியவேண்டும், நீயும் அறியவேண்டும்.

இனி ஒன்று. இந்தக் கடிதத்தை நான் உனக்குத் தபாலில் போடப்போவதில்லை. இதில் என் கதை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அவள் கதையும் இருக்கிறது, அவளைக் கேட்காமல் அதை இன்னொருதரம் கொடுக்க எனக்கு உரிமையில்லை. ஆகவே நாளைக்கு இதை உறை ஒட்டாமல் கிரானுக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கிறேன். பிடிக்காத வரியை அவள் வெட்டலாம். பிடிக்காவிட்டால் முழுவதையும் அடுப்பில் போடலாம். சித்திரைக்கு நீ வரும்போது உன்னிடம் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். அவள் கொடுக்காவிட்டால் உன் அம்மா ஏன் இப்படி மாறிப்போனாள் என்று உனக்குத் தெரியாமலே போகும், அதற்கும் நான் தயார். ஆனால் நீ இந்த வரியை வாசித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், அத்தனைக்கும் பிறகு அவள் உனக்கு மறுபடியும் சொல்லத் துணிந்திருக்கிறாள். இந்தமுறை எனக்குப் போன் எடுக்காதே. போனைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் போ.